நாற்பது தடவை படித்த முதல் அத்தியாயம்

என் வீட்டுக்காரர் சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தது நாற்பத்தாறாவது வயதில். அந்த வயதில் மற்ற ஆண்கள் தொப்பையைக் குறைக்கிறேன் என்று நடக்கப் போவார்கள், இல்லையென்றால் தலைக்குச் சாயம் பூச ஆரம்பிப்பார்கள். இவர் எங்கள் மகளுடைய கணக்கு நோட்டை எடுத்து, அவள் எழுதியிருந்த நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டு, "அன்று கோட்டைக்குள் தண்ணீர் வரவில்லை" என்று முதல் வரியை எழுதினார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் நோட்டைத் தேடி வீட்டை ரெண்டாக்கிவிட்டாள். அப்படித்தான் விஷயம் எனக்குத் தெரியவந்தது.

அவருக்குப் பார்சல் கிடங்கில் வேலை. லாரியில் வந்து இறங்குகிற பெட்டிகளையும் மூட்டைகளையும் ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையால் எண் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுப் போட்டு அவர் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் எண்ணைத் தவிர வேறெதையும் எழுதி நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு ஒரே ஒரு கடிதம் போட்டார். அதில் முக்கால்வாசி, நான் ஏற வேண்டிய பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான்.

படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவார், எல்லாம் செத்துப்போன ராஜாக்களைப் பற்றியது. அதைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டுதான் சாப்பாடு. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். "எந்தக் கோட்டையில இருக்கீங்க இப்ப?" என்று கேட்பேன். சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதர், அதனாலேயே எனக்குக் கோபம் வரும்.

எங்கள் குடித்தனம் ஒரு மாடியில், ரெண்டு அறை, ஒரு சமையலறை. கீழே ஒரு தையல்காரர். முன் அறையில் என் மாமனாரின் கட்டில். நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பகல் ஒரு மணி வரைக்கும் வார்டு வார்டாக வரும் விரிப்புகளை எண்ணி வாங்கி, வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்ப வேண்டும். வீடு வந்து சேர ஒன்று முப்பத்தைந்து ஆகும். அவருக்குக் கிடங்கில் ரெண்டாவது ஷிப்டு, ஒன்றேகாலுக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஆக, காலையில் மாமாவுக்கு மகன், மத்தியானத்துக்கு மேல் மருமகள். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் நாங்கள் ரெண்டு பேரும் விழித்த கண்ணோடு ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். "நமக்கு ஒரே பொண்ணு பொறந்ததே அதிசயம்" என்று அவர் சொல்லுவார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறக்கிறவராக முப்பத்தோரு வருஷம் இருந்தார். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எத்தனை சுற்று, எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. பஞ்சக் காலத்தில் அவரை வழியில் மறித்துக் கும்பிட்டவர்களும் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்களும் உண்டு. தன் தெருவுக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக விட்டதில்லை. என் மாமியார் இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்துபோனார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது. அப்புறம் சாப்பிட்டோமா இல்லையா என்பது. அப்புறம் ஆட்கள். பேத்தியைப் பார்த்து, "யார் வீட்டுப் பொண்ணு இது, ரொம்ப நேரமா இங்கயே இருக்கு, அனுப்பி வைங்க" என்றார். அவள் அன்றைக்குச் சமையலறைக்குள் வந்து என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி உடுப்போடு வருவதால் நான் அவருக்கு நர்சம்மா. மகனை மட்டும் தெரியும். அதுவும் எல்லா நாளும் இல்லை.

நோட்டு விவகாரம் வெளியே வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். இருக்கிற வேலை போதாதா, இந்த வயதில் இது என்ன புதுக் கிறுக்கு என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் நகத்திலிருந்த மையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாவைப் பத்தித்தான் எழுதறேன்" என்றார்.

"அவர் எப்ப கோட்டையில இருந்தாரு?"

"கதையில ஒரு மதகுக்காரர் வர்றாரு. கோட்டையை எதிரி வளைச்சு நிக்கறான். உள்ள இருக்கறது ஒரே ஏரி. யாருக்குத் தண்ணி, யாருக்கு இல்லைன்னு ராஜா சொல்றான், திறக்கற கை இவரோடது. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடின்னு வெச்சுட்டா யாரும் கேக்க மாட்டாங்க பாரு, இது உங்கப்பாவான்னு."

"கேட்டாத்தான் என்ன?"

"அவருக்கு என்னை அடையாளம் தெரியறப்பவே முடிச்சிடணும். முடிச்சு அவருக்கே படிச்சுக் காட்டணும். என் மகன் என்னைப் பத்தி எழுதியிருக்கான்னு அவருக்கு ஒரு நாளாவது தெரியணும். அவ்வளவுதான்."

நோட்டு வேண்டுமானால் நானே வாங்கித் தருகிறேன், பிள்ளை நோட்டைத் தொடாதீர்கள் என்றேன்.

ஆனால் எழுத நேரம் வேண்டுமே. காலையில் மகளை அனுப்ப வேண்டும், அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும், சவரம் செய்துவிட வேண்டும். எழுத உட்கார்ந்தால் மாமா எழுந்து கதவுப் பக்கம் போவார், வேலைக்கு நேரமாச்சு என்பார், செருப்பைத் தேடுவார். அரைப் பக்கம் எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து ஓட வேண்டும். ஒரு மாதத்தில் ஒன்பது பக்கம்தான் தேறியது. முகம் தொங்கிப்போய்த் திரிந்தார்.

அப்போது யோசனை சொன்னது நான்தான். அதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "எழுதறதை முடிச்சப்புறம் ஏன் படிக்கணும்? எழுத எழுதப் படிச்சுக் காட்டுங்க. அவரும் ஒரு இடத்துல உக்காருவாரு, உங்க வேலையும் நடக்கும்" என்றேன். ஆஸ்பத்திரியில் பல வார்டுகளைப் பார்த்தவள் என்ற மிதப்பு எனக்கு.

யோசனை பலித்தது. தினமும் ஒன்பது மணிக்குக் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிப்பார். மாமா முழங்கையை முழங்காலில் ஊன்றி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கேட்பார். படித்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அந்த அமைதி இருக்கும், அந்த நேரத்தில் இவர் எழுதுவார். ஒரே ஒரு சிக்கல். மறுநாள் காலையில் மாமாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. விட்ட இடத்திலிருந்து படித்தால், "யார்ப்பா இந்த மதகுக்காரன்?" என்று கேட்பார். மறுபடி முதல் வரியிலிருந்து, அன்று கோட்டைக்குள் தண்ணீர் வரவில்லை.

இப்படியே முதல் அத்தியாயத்தை நாற்பது தடவை படித்திருப்பார். கீழ்வீட்டுத் தையல்காரருக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் நான் படியேறும்போது, "என்னம்மா, இன்னும் எதிரி வடக்கு வாசல்லயே நிக்கறானா? நானா இருந்தா இதுக்குள்ள கோட்டையைப் பிடிச்சிருப்பேன்" என்றார். வீட்டில் சொன்னேன். மாமாவும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலேயே.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த நாள் எவ்வளவு படித்தாலும், ஒரு இக்கட்டான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நோட்டை மூடிவிடுவார். அம்பு வில்லில் இருக்கும்போது, கதவு தட்டப்படும்போது, இப்படி. அடுத்த நாள் காலையில் அப்பா, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தானாகக் கேட்கிறாரா பார்ப்பார். அவருக்கு அது ஒரு சோதனை. ஒரு தடவைகூட மாமா கேட்கவில்லை. மத்தியானம் நான் வரும்போது, அதற்குள் கிளம்பிப்போயிருந்த மனிதரின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் கேட்கவில்லை என்று. பாதி அப்படியே இருக்கும்.

ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் மாமா கெட்டிக்காரர். மதகுக்காரன் மதகை ஒரே மூச்சில் தூக்கினான் என்று இவர் எழுதியிருந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"யாருய்யா எழுதினது இதை? ஒரேயடியாத் திறந்தா உடைச்சுக்கிட்டுப் போயிடும். அரைச் சுத்து விட்டுட்டு நிக்கணும். தண்ணி மூச்சு வாங்கட்டும். அப்புறம் இன்னொரு அரைச் சுத்து. அவசரப்படறவன் இந்த வேலைக்கு வரக் கூடாது."

"திருத்திடறேம்ப்பா."

"நீ ஏன் திருத்தறே? எழுதினவனைத் திருத்தச் சொல்லு."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திருத்தி எழுதி மறுபடி படித்தார். மாமா தலையை ஆட்டி, "இப்ப சரி" என்றார். அந்த ரெண்டு வார்த்தைக்காக ஒரு வாரம் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பாத்திரம்கூடக் கழுவிக்கொடுத்தார்.

ஐந்து மாதத்தில் மூன்று அத்தியாயம் முடிந்தது. நாலாவதில்தான் மாட்டிக்கொண்டார். அரண்மனைக்குத் தண்ணீர் போதாதென்று கீழ்த்தெரு மதகை மூடச் சொல்லி ராஜா உத்தரவு போட்டுவிடுகிறான். கீழ்த்தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு மதகடியில் வந்து நிற்கிறார்கள். குழந்தைகள் அழுகிறார்கள். மதகுக்காரர் கையில் சாவி. திறந்தால் தலை போகும். ஒரு புதன்கிழமை காலையில் அந்த இடம் வரைக்கும் எழுதி, அதை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டி, வழக்கம்போல நோட்டை மூடிவிட்டார். திறப்பாரா மாட்டாரா என்பது இவருக்கே தெரியவில்லை.

மறுநாள் எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தவரை நான் கெடுத்தேன். சமையலறைக் குழாய் பத்து நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரம் வைத்து வைத்து எனக்கு அலுத்துப்போயிற்று. வியாழக்கிழமை விடிகாலையில், செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினேன். "கோட்டைக்குத் தண்ணி அப்புறம் விடலாம். இங்க வீட்டுல இருக்கற குழாயைப் பாருங்க முதல்ல. வால்வுக்காரர் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க!" அவர் சரி சரி என்றார். காலை முழுக்கக் குழாயைக் கழற்றி, கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்து, மாட்டி முடித்தார். நாவலில் ஒரு வரி எழுதவில்லை.

அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். சலவைப் பிரிவுக்குப் போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். கையெல்லாம் ஈரம், பதறிக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா கேட்டுட்டாரு!" என்றார்.

"என்ன கேட்டாரு? தெளிவாச் சொல்லுங்க."

"நான் குழாயைக் கழட்டிட்டு இருக்கேன். பின்னாடி வந்து நின்னு, 'கீழ்த்தெருவுக்குத் தண்ணி விட்டாச்சா?'ன்னு கேக்கறாரு. நேத்துப் படிச்சதுடீ! ராத்திரி தூங்கி எழுந்தும் ஞாபகம் வெச்சிருக்காரு!"

இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி அழுதுவிட்டேன். பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் யார் போனார்களோ என்று பயந்து ஓடிவந்தாள். "நல்ல சேதிதான்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் திறக்கலப்பா, நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னேன். நாளைக்கும் கேக்கறாரா பார்ப்போம்."

ஒன்றேகாலுக்கு அவர் கிளம்பினார். அவர் போவதற்கும் நான் வருவதற்கும் இடையே இருபது நிமிஷம். அந்த நேரத்தில் மாமா சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார், மூன்று வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் ஆரம்பத்தில் சொன்னபோது, "பூட்டி வைக்க அவர் என்ன பீரோவா?" என்று சண்டை போட்டவள் நான். கீழே தையல்காரர் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. அன்றைக்குத் தையல்காரர் ஒரு தடித்த மனிதருக்குக் கோட்டு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். முதுகைத் திருப்பியிருந்த அஞ்சு நிமிஷத்தில் மாமா இறங்கிப் போய்விட்டார்.

நான் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கீழே ஓடி வந்தால் தெருவில் தண்ணீர் பெருகி வருகிறது, முனையில் கூட்டம்.

அந்த முனையில் ரெண்டு நாளாகக் குழாய் இணைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். வால்வுக் குழியின் மூடியைத் திறந்துபோட்டு, சாவியையும் வால்வின் மேலேயே மாட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயது மனிதருக்கு வேறென்ன வேண்டும்? எதிரே டீ போட்டுக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அலுவலகத்து ஆள்தான் என்று நினைத்தாராம். "அவ்வளவு பொறுமையாத் திறந்தாரும்மா. அரைச் சுத்து சுத்துவாரு, நின்னு தரையில காதை வெச்சுக் கேப்பாரு, மறுபடி அரைச் சுத்து" என்றார். இணைக்காமல் விட்டிருந்த குழாய் வாயில் தண்ணீர் பீறிட்டு வந்திருக்கிறது. வருகிறதா என்று பார்க்க மாமா பின்னால் நகர்ந்தபோது கால் குழிக்குள் போய்விட்டது.

அவரைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு ஒரு தினுசாகத் திரும்பிக் கிடந்தது. தலை மயிரெல்லாம் சேறு. நான் மண்டியிட்டு அவர் முகத்தைத் துடைத்தேன். "நர்சம்மா, கீழ்த்தெருவுக்கு வந்திடுச்சா? குழந்தைங்க குடிச்சுதா?" என்று கேட்டார்.

"வந்திடுச்சு மாமா" என்றேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இதயம் தாங்காது, அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது என்று டாக்டர் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார். என் ஆஸ்பத்திரிதான். நான் காலையில் மடித்தனுப்பிய விரிப்பின் மேல்தான் மாமாவைப் படுக்கவைத்தார்கள். கிடங்கிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் மை படிந்த கையோடு வாசலிலேயே நின்றார். மாமா என்னிடம் கேட்டதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் திறக்கலன்னு சொன்னது நான்" என்றார்.

"குழாயை மாட்டச் சொன்னது நான். இல்லைன்னா எழுதி முடிச்சிருப்பீங்க, திறந்தாச்சுன்னு சொல்லியிருப்பீங்க."

"ஞாபகம் வந்திடாதா, வந்திடாதான்னு அஞ்சு மாசமா அவரைப் போட்டு நோண்டினது நான்."

"கதவைப் பூட்ட வேணாம்னு சொன்னது நான்."

கொஞ்ச நேரம் அப்படியே ஆளுக்கு ஒன்றாக எடுத்து எடுத்து வைத்தோம். குற்றத்தில் யாருக்குப் பெரிய பங்கு என்று சண்டை போட்டு ஆகப்போவது என்ன? எனக்கு அந்தக் குழாயை உடைத்துப் போட வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு தடவை அதைத் திறக்கும்போது இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் ஒன்பது மணிக்கு அவர் வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். இந்த நேரத்திலா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. பதினொரு மணி வரைக்கும் நிமிராமல் எழுதினார். மதகுக்காரர் கீழ்த்தெரு மதகைத் திறந்துவிட்டார். அரை அரைச் சுற்றாக, அப்பா சொல்லிக்கொடுத்தபடி. "இதைப் படிச்சுட்டா அவரு மனசு ஆறும்" என்றார். தன் மனசும் ஆறும் என்று நினைத்திருப்பார்.

நான் மாற்று விரிப்போடு கட்டிலின் மறுபக்கம் நின்றேன். மாமா விழித்திருந்தார். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டை விரித்து, பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மாமா தோளை நிமிர்த்தப் பார்த்தார். வலி, முடியவில்லை.

"விசாரணைக்கு வந்திருக்கீங்களா சார்?" என்றார்.

"அப்பா, நான்தாம்ப்பா."

"எழுதிக்குங்க. திறந்தது நான்தான். உத்தரவு இல்லாமத் திறந்தேன். முப்பத்தோரு வருஷ சர்வீசுல இதுதான் முதல் தடவை."

"அப்பா, என்னைப் பாருங்க. நான் உங்க பையன்."

மாமா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு அதிகாரியிடம் இருக்க வேண்டிய மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒருத்தன் தினமும் காலையில வந்து படிச்சுக் காட்டுவான் சார். நல்ல மாதிரி. எனக்குச் சவரமெல்லாம் பண்ணிவிடுவான். அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும், கீழ்த்தெருவுல குழந்தைங்க தண்ணியில்லாமத் தவிக்குதுன்னு" என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேரை மட்டும் கேக்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரன், அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. யாரும் சொல்லல, நானாத்தான் திறந்தேன்னு எழுதிக்குங்க."

விரிப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். அந்த அத்தியாயம் முடிந்த இடத்துக்குக் கீழே, மாமா சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. எழுதி முடித்ததும் மாமா கையை நீட்டி, "கையெழுத்து வேணுமில்ல?" என்றார். மகன் பேனாவைக் கொடுத்து நோட்டைப் பிடித்துக்கொண்டார். பேத்தியை மறந்தவர், தான் சாப்பிட்டதை மறந்தவர், கையெழுத்தை மறக்கவில்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் போட்டுவிட்டு, நோட்டைத் திருப்பித் தந்து, "சிரமம் கொடுத்துட்டேன் சார்" என்றார்.

எழுதிக் கொண்டுவந்ததை அவர் படித்துக் காட்டவே இல்லை. மாமாவும் கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, காலையில் கஞ்சி குடிக்கவைக்கும்போது உயிர் போய்விட்டது.

வேலையாட்கள் குழியை மூடாமல் போனது தப்பு என்று அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லி எங்களையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் போகவில்லை. அந்த வேலையாட்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே என்றார். கிடங்குக்குப் போனார், வந்தார். காலையில் ஒன்பது மணி ஆனால் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நிற்பார் என்று மகள் விடுமுறையில் வீட்டிலிருந்தபோது பார்த்துச் சொன்னாள். நோட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்குப் பக்கத்தில் புத்தகம் எதுவும் இல்லை. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கேட்டாள்.

"அப்பா, அந்த மதகுக்காரர் கடைசியில திறந்தாரா?"

நான் அவளைக் கண்ணால் அதட்டினேன். அவர் பரவாயில்லை என்பதுபோல் கையைக் காட்டினார்.

"திறந்துட்டாரு" என்றார்.

"அப்புறம்? ராஜா சும்மா விட்டானா?"

"பிடிச்சுட்டுப் போய் வெச்சு விசாரிச்சாங்க. யார் சொல்லித் திறந்தேன்னு கேட்டாங்க."

"சொல்லிட்டாரா?"

"சொல்லல. சொன்னவனைப் பக்கத்துலயே உக்கார வெச்சுக் கேட்டாங்க. அப்பவும் சொல்லல" என்றார். அதற்குமேல் அவரால் சாப்பிட முடியவில்லை. மகள் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.